சூலூர் விமான தளம் யார் கொடுத்த கொடை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கோவைப் பதிப்பில் சூலூர் விமானப்படைத் தளத்தின் வரலாறு குறித்து அண்மையில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 2018-இல் தேஜஸ் படைப்பிரிவு பெங்களூரிலிருந்து இங்கு வந்ததும், 2020 மே மாதம் இரண்டாவது தேஜஸ் படைப்பிரிவு இங்கேயே தொடங்கப்பட்டதும், 2024 ஆகஸ்டில் பல நாட்டு விமானப்படைகள் கலந்துகொண்ட தரங் சக்தி பயிற்சியின் முதற்கட்டம் இங்கு நடந்ததும் அதில் நன்றாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால் கட்டுரையின் தொடக்கத்தில், இது இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் கட்டி நமக்குக் கொடுத்துவிட்டுப் போன தளம் என்று ஒரு வரி இருக்கிறது. அதிலுள்ள "கொடுத்துவிட்டு" என்ற ஒரு சொல்லுக்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் கூட்டுறவுத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தணிக்கையாளராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். ஒரு சங்கத்தின் பேரேட்டில் ஒரு சொத்து "நன்கொடை" என்று எழுதப்பட்டிருந்தால், அதைக் கொடுத்தவர் யார், அதற்கு மாற்றாக எதுவும் பெறவில்லையா, அதற்கான பணம் வேறு எந்தக் கணக்கிலிருந்தாவது வெளியே போயிருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டோம். சூலூர்த் தளத்தை அப்படிப் பார்த்தால் அதைக் கொடை என்று எழுத எந்த ஆதாரமும் கிடைக்காது. நிலம் நம்முடையது, வேலை செய்த கைகள் நம்முடையவை, செலவில் ஒரு பங்கு நம் வரிப்பணம், இன்னொரு பங்கு நம்மிடம் வாங்கிய கடன். கடைசியில், விட்டுப் போனதற்கும் நாம் விலை கொடுத்திருக்கிறோம்.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் சூலூர் பல்லடம் தாலுகாவைச் சேர்ந்தது. என் தாய்வழிப் பாட்டனாருக்கு, எங்கள் வழக்கப்படி சொன்னால் அப்புச்சிக்கு, அந்தப் பக்கத்தில் மூன்றே முக்கால் ஏக்கர் நிலம் இருந்தது. கிலுவை வேலி போட்ட தோட்டம். அதில் இரட்டைக் கவலை, அதாவது மாடு பூட்டி இழுக்கும் இரண்டு நீர்ச்சால்கள், கொண்டு இறைக்கும் கிணறு ஒன்று. போர்க்காலத்தில் அந்த நிலம் எடுக்கப்பட்டபோது வந்த தாள் இன்றும் எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் இருக்கிறது. மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து போய்விட்டது, ஆனால் "புஞ்சை" என்ற சொல் தெளிவாகத் தெரிகிறது. கிணறு என்ற சொல் அந்தத் தாளில் எங்கும் இல்லை.

இதற்குக் காரணம் கொங்கு நாட்டு உழவர் அனைவருக்கும் தெரிந்ததுதான். நம் வழக்கில் மானாவாரி நிலம் காடு, கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம். உழவன் தன் செலவில் வெட்டிய கிணற்றுக்கு வரி போடக்கூடாது என்பதால், கோவை மாவட்டத்தில் 19-ஆம் நூற்றாண்டின் நிலவரித் திட்டத்திலிருந்தே தோட்டமும் புஞ்சையாகவே பதிவாகி வந்தது. வரி கட்டும்போது அது உழவனுக்குச் சாதகம். நிலத்தை எடுத்துக்கொண்டு விலை போடும்போது அதே பதிவு அவனுக்குப் பாதகமாயிற்று. பாறையை உடைத்து, ஆண்டுக்குச் சில அடி என்று இரண்டு தலைமுறை ஆழப்படுத்திய கிணறு, ஒரு சொல்லுக்குள் மறைந்துபோனது. என் அமுச்சி, அதாவது தாய்வழிப் பாட்டி, கடைசி வரையில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "காடு போனா இன்னொரு காடு வாங்கிக்கலாஞ் சாமி, கெணத்தை எங்கே போயி வாங்கறது?"

சட்டமும் அவர்களுக்குத் துணையாக இருக்கவில்லை. 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி நிலத்தை எடுத்தால் சந்தை மதிப்போடு, கட்டாயமாக எடுப்பதற்காக 15 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். போர் தொடங்கியபின் 1939-ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விதிகள் வந்தன. அவற்றில் 75-ஏ என்ற விதி, எந்த அசையாச் சொத்தையும் அரசு உடனே தன் கைவசம் எடுத்துக்கொள்ள வழி செய்தது. அப்படி எடுத்த சொத்துக்கு இழப்பீடு நிர்ணயிக்க அச்சட்டத்தின் 19-ஆம் பிரிவு, 1894 சட்டத்தின் 23-ஆம் பிரிவில் முதல் உட்பிரிவை மட்டுமே கவனத்தில் கொள்ளச் சொன்னது. 15 சதவீதம் இருந்தது இரண்டாம் உட்பிரிவில். ஆக, போருக்காக நிலத்தைக் கொடுத்தவனுக்கு, ரயில் பாதைக்காகக் கொடுத்தவனுக்குக் கிடைத்ததும் கிடைக்கவில்லை. போர் முடிந்த பிறகும் நிலம் தானாகத் திரும்பிவிடவில்லை. எடுத்ததை வைத்துக்கொள்ளும் அதிகாரத்தை நீட்டிக்க 1947-இல் ஒரு சட்டம் வந்தது, அதைத் தொடர்ந்து 1952-இல் இன்னொரு சட்டம் வந்தது.

இனிச் செலவுக்கு வருகிறேன். இந்தியாவில் உள்ள படைக்கும் தளங்களுக்கும் ஆகும் செலவை இலண்டனும் இந்தியாவும் எப்படிப் பங்கிடுவது என்பது 1939-இல் புதிதாக எழுந்த கேள்வியன்று. 1895-இல் அமைக்கப்பட்ட வெல்பி ஆணையத்தில் உறுப்பினராக இருந்த தாதாபாய் நௌரோஜி, பேரரசின் நலனுக்காகச் செய்யும் செலவை ஏழை நாடான இந்தியாவின் தலையில் ஏற்றுவது நியாயமன்று என்று வாதிட்டார். 1933-இல் கேரன் நடுவர் மன்றத்தின் பரிந்துரைப்படி, இந்தியப் படையின் செலவுக்காகப் பிரிட்டன் ஆண்டுக்கு 15 இலட்சம் பவுண்டு தர ஒப்புக்கொண்டது. இந்தியப் படை பேரரசுக்கும் பயன்படுகிறது என்பதை அவர்களே ஏற்றுக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1939-இல் சாட்பீல்டு குழு படையை நவீனப்படுத்த ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் பவுண்டு ஆகும் என்று கணக்கிட்டு, அதில் முக்கால் பங்கைப் பிரிட்டன் கொடையாகவும் கால் பங்கைக் கடனாகவும் தரவேண்டும் என்று சொன்னது. "கொடை" என்ற சொல்லை நியாயமாக எழுதக்கூடிய இடம் அது ஒன்றுதான். அதையும் அவர்கள் தங்கள் பாதுகாப்பு கருதியே கொடுத்தார்கள்.

போர் தொடங்கிய சில வாரங்களில், 1939 நவம்பரில், இரு அரசுகளுக்கும் இடையே ஒரு நிதி உடன்பாடு ஏற்பட்டது. அப்போது வைஸ்ராயின் நிர்வாக சபையில் நிதி உறுப்பினராக இருந்த சர் ஜெரமி ரெய்ஸ்மன் 1940 வரவு செலவுத் திட்ட உரையில் அதை விளக்கினார். இந்தியா ஏற்கவேண்டியவை நான்கு. அமைதிக் காலத்தில் படைக்கு ஆகும் வழக்கமான செலவாக ஆண்டுக்கு 36.77 கோடி ரூபாய் முதலாவது. விலைவாசி உயர்வால் அதில் ஏற்படும் கூடுதல் இரண்டாவது. இந்தியா தன் சொந்த நலனுக்காக மேற்கொள்வதால் முழுக்க இந்தியப் பொறுப்பு என்று கருதத்தக்க போர் நடவடிக்கைகளின் செலவு மூன்றாவது. கடல் கடந்து நிறுத்தப்பட்ட இந்தியப் படைகளுக்காக ஒரு கோடி ரூபாய் நான்காவது. இவற்றுக்கு மேல் ஆவதைப் பிரிட்டன் ஏற்கும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது நியாயமான பங்கீடாகத்தான் தெரிகிறது. ஆனால் இரண்டாவது வகையையும் மூன்றாவது வகையையும் சற்று நின்று பார்க்க வேண்டுகிறேன். விலைவாசி உயர்ந்தால் இந்தியாவின் பங்கு உயரும், அந்த விலைவாசியை உயர்த்தியதோ போர்ச் செலவு. எது "இந்தியாவின் சொந்த நலன்" என்று முடிவு செய்யும் இடத்தில் இந்தியர் இல்லை. உடன்பாடு ஏற்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், மக்களைக் கேளாமல் இந்தியாவைப் போரில் இழுத்ததைக் கண்டித்து இராஜாஜியின் அமைச்சரவை சென்னையில் பதவி விலகியிருந்தது. டெல்லியில் இருந்த மத்திய சட்டசபைக்கோ பாதுகாப்புச் செலவின் மீது வாக்களிக்கும் உரிமையே கிடையாது, பேசலாம், அவ்வளவுதான். ஒரு சங்கத்தில் கடன் வாங்குகிறவரும் கடன் கொடுக்கிறவரும் ஒருவராகவே இருந்து, உறுப்பினர்களுக்கு வாக்கும் இல்லாதபோது எழுதப்பட்ட தீர்மானத்தை நான் தணிக்கையில் ஏற்றுக்கொண்டிருக்கமாட்டேன்.

1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியது. சிங்கப்பூரும் ரங்கூனும் விழுந்தன. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின, நம் கரையில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அந்த நிலையில் தென்னிந்தியாவில் விமான தளங்கள் வேண்டியிருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. கடற்கரையிலிருந்து தள்ளி, மழை குறைவாய், நிலம் மேடாய், நூற்பாலைகளால் தொழில் தெரிந்த ஆட்களும் பைக்காராவிலிருந்து மின்சாரமும் இருந்த கோயமுத்தூர்ச் சீமை அவர்களுக்குப் பொருத்தமாகப் பட்டதில் வியப்பும் இல்லை. சென்னையையும் கொச்சியையும் காக்கத் தளம் அமைத்தால் அதில் நமக்கும் பங்கு உண்டு.

ஆனால் அந்தத் தளங்கள் எதற்குப் பயன்பட்டன என்பதையும் பார்க்கவேண்டும் அல்லவா? 1942-லிருந்து கோவையில் எச்.எம்.எஸ். கருடா என்ற பெயரில் பிரிட்டிஷ் அரச கடற்படையின் விமானப் பழுதுபார்க்கும் நிலையம் இயங்கியது. போரின் இறுதிக் கட்டத்தில் சூலூர்த் தளமும் எச்.எம்.எஸ். வைரி என்ற பெயரில் அதே கடற்படையிடம் இருந்தது. கடலே இல்லாத நம் ஊர் மேட்டு நிலத்துக்குக் கப்பல் பெயர் வைத்திருந்தார்கள். விமானம் தாங்கிக் கப்பல்களின் விமானங்கள் இங்கு வந்து பழுது நீங்கித் திரும்பின. திருகோணமலையைத் தளமாகக் கொண்ட அந்தக் கப்பற்படையின் நோக்கம் இழந்த மலேயாவையும் சிங்கப்பூரையும் மீட்பது. அது பேரரசின் வேலை. கோவை மாவட்டத்துப் பருத்திக்காட்டுக்காரனின் சொந்த நலன் என்று அதை எந்தக் கணக்கிலும் எழுதமுடியாது.

இந்தியாவின் கணக்கில் எழுதப்பட்ட பாதுகாப்புச் செலவு 1939-40-இல் ஏறத்தாழ 50 கோடி ரூபாய். 1944-45-இல் அது, மூலதனச் செலவைச் சேர்க்காமலேயே, 400 கோடியை நெருங்கியது. ஐந்தே ஆண்டுகளில் ஏறத்தாழ எட்டு மடங்கு.

"சரி, மிச்சத்தைப் பிரிட்டன் கொடுத்ததல்லவா?" என்று ஒருவர் கேட்கலாம். தங்கள் கட்டுரையாளரின் எண்ணமும் அதுவாக இருக்கக்கூடும். கொடுத்த விதத்தைப் பார்க்கவேண்டும். பிரிட்டனின் பங்கு இங்கே ரூபாயாக வரவில்லை. அது இலண்டனில் ஸ்டெர்லிங், அதாவது பிரிட்டிஷ் பவுண்டு, கணக்கில் வரவு வைக்கப்பட்டது. போர் முடியும்வரை அந்தப் பணத்தை நம் விருப்பப்படி எடுத்துச் செலவழிக்கமுடியாது. அந்த வரவை ஈடாகக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டை அச்சிட்டது. ஜல்லி கொண்டுவந்த வண்டிக்காரனுக்கும், இரும்புச் சட்டியில் மண் சுமந்த பெண்ணுக்கும், சிமென்டு விற்றவருக்கும் கொடுக்கப்பட்டது அந்த நோட்டுதான். போர் தொடங்கியபோது புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பு ஏறத்தாழ 180 கோடி ரூபாய், போர் முடிந்தபோது 1,200 கோடி. வாங்குவதற்கான பண்டமோ பெருகவில்லை, குறைந்தது. பர்மா அரிசி நின்றுபோனது. ஆலைத் துணி படைக்குப் போனது. மொத்த விலைகள் சராசரியாக ஏறத்தாழ இரண்டரை மடங்காயின, கடைத்தெருவில் சில பண்டங்களின் விலை அதற்கும் மேலே போயிற்று.

அமுச்சி அந்த நாட்களைப் பற்றி என்னிடம் சொன்னவற்றில் ஒன்று இன்னும் கண்முன் நிற்கிறது. தோட்டம் போனபின் அவர் சில மாதம் ஓடுதள வேலைக்குப் போயிருக்கிறார். தன் தோட்டத்து மண்ணின் மேலேயே கருங்கல் ஜல்லி பரப்பும் வேலை. சனிக்கிழமை கூலி கையில் வரும். முன்பு அவர் கையில் வந்ததைவிட அது அதிகப் பணம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனால் ஒரு வள்ளக் கம்புக்கும் கொஞ்சம் மண்ணெண்ணெய்க்கும் அது சரியாகப் போய்விடும். கண்டாங்கிச் சேலையை நடுவில் கிழித்து, ஓரங்களைச் சேர்த்துத் தைத்து, இன்னும் ஓராண்டு கட்டினாராம். இழப்பீட்டுத் தொகை ஒருவழியாகக் கைக்கு வந்தபோது, நிலம் எடுத்த நாளின் விலைப்படி கணக்கிட்ட பணம் அது. அதைக்கொண்டு அதில் பாதி அளவு நிலத்தைக்கூட அவர்களால் வாங்க முடியவில்லை.

விலைவாசி உயர்வு என்பது இரசீது இல்லாமல் வசூலிக்கப்படுகிற வரி. வங்கத்தில் அது பஞ்சமாக வந்தது. அங்கு 1943-44-இல் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் இறந்ததாக அரசு அமைத்த விசாரணை ஆணையமே சொன்னது, பின்னர் ஆராய்ந்தவர்கள் 30 இலட்சம் வரை சொல்கிறார்கள். நம் பக்கத்தில் அந்த அளவு சாவு இல்லை. ஆனால் தளத்தின் செலவில் பிரிட்டனின் பங்கு என்று எழுதப்பட்ட தொகையையும் அன்றன்றைக்கு வயிற்றைக் கட்டிச் சுமந்தவர்கள் இங்கிருந்த மக்களே என்பதைச் சொல்லியாகவேண்டும். பிரிட்டன் அன்று கொடுத்தது கடன் சீட்டு.

நியாயத்துக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். போரால் கோவையில் இலாபம் பார்த்தவர்களும் உண்டு. நூற்பாலைகள் இரவும் பகலும் ஓடின, ஒப்பந்தக்காரர்கள் சிலர் தலைநிமிர்ந்தார்கள், பட்டறைத் தொழில் கற்றவர்கள் பின்னர் பம்புசெட்டும் மோட்டாரும் செய்யும் ஊராக இதை வளர்த்தார்கள். அந்த இலாபத்தின் மீது மிகை இலாப வரியும் விதிக்கப்பட்டது. அதையெல்லாம் மறைத்து எழுதுவது என் நோக்கமன்று. இலாபம் ஒருவர் பக்கத்திலும் நிலம் வேறொருவர் பக்கத்திலும் இருந்தன என்பதுதான் விஷயம்.

1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது சிங்காநல்லூரில் படைத் தளவாட ரயில் கவிழ்க்கப்பட்டதும், அம்மாதம் 26-ஆம் தேதி சூலூர் விமான தளத்துக்குத் தீ வைக்கப்பட்டதும் தங்கள் வாசகர்களுக்குத் தெரிந்தவை. அதைச் செய்தவர்கள் நெசவாளரும் உழவரும் ஆலைத் தொழிலாளருமாகிய சுற்று வட்டாரத்து இளைஞர்கள். தளத்தை ஆங்கிலேயரின் கொடையாகக் கருதியிருந்தால் அவர்கள் அதைக் கொளுத்தப் போயிருக்கமாட்டார்கள். அந்த ஆண்டில் பிறப்பிக்கப்பட்ட கூட்டு அபராத அவசரச் சட்டம், இன்னார் செய்தார் என்று நிறுவாமலேயே ஓர் ஊரார் அனைவர் மீதும் அபராதம் விதித்து வசூலிக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. நிலத்தையும் உழைப்பையும் கொடுத்த ஊர்கள், அங்கே எரிந்ததற்கும் பணம் கட்டவேண்டும் என்பதே அச்சட்டத்தின் பொருள்.

இனி, தங்கள் கட்டுரையில் "கொடுத்துவிட்டுப் போனார்கள்" என்ற சொல் நேரடியாகத் தவறாகிற இடத்துக்கு வருகிறேன். போர் முடிந்தபோது பிரிட்டன் இந்தியாவுக்குத் தரவேண்டிய ஸ்டெர்லிங் பாக்கி ஏறத்தாழ 130 கோடி பவுண்டு, அன்றைய மாற்று விகிதத்தில் 1,700 கோடி ரூபாய்க்கு மேல். சர்ச்சிலுக்கு இந்தக் கடன் பிடிக்கவில்லை, இந்தியாவைக் காப்பாற்றியதற்கு எதிர்க்கணக்கு போடவேண்டும் என்று அவர் போர்க்காலத்திலேயே பேசியவர். கீன்ஸ் போன்ற பொருளியல் அறிஞரே இந்தப் பாக்கிகளில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யவேண்டும் என்ற கருத்தைக் கொண்டிருந்தார். சுதந்திரத்துக்குப்பின் 1948-இல் இதைப் பேசித் தீர்க்க இலண்டனுக்குப் போன இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், நம் கோயமுத்தூரில் பிறந்து நாட்டின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியார்.

அந்த ஆண்டு ஜூலையில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 1947 ஏப்ரல் 1-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட பிரிட்டிஷ் இராணுவத் தளவாடங்களுக்கும் நிலையான கட்டுமானங்களுக்கும் விலையாக 10 கோடி பவுண்டு நம் பாக்கியிலிருந்து கழித்துக்கொள்ளப்பட்டது. ரூபாயில் ஏறத்தாழ 133 கோடி. அது எவ்வளவு பெரிய தொகை என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: 1947 நவம்பரில் சண்முகம் செட்டியார் தாக்கல் செய்த சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தில், ஏழரை மாதத்துக்கு எதிர்பார்க்கப்பட்ட மொத்த வருவாயே 171.15 கோடி ரூபாய்தான். ஏட்டு மதிப்பைவிட மிகக் குறைந்த விலைக்கு வாங்கினோம் என்பது உண்மை. அதற்காகப் பேரம் பேசியவர்களின் திறமையை மதிக்கிறேன். ஆனாலும் குறைந்த விலைக்கு வாங்கியது வாங்கியதுதான், அதைக் கொடை என்று சொல்லமுடியாது. பிரிட்டிஷ் அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்காகவும் அதே உடன்பாட்டில் பெருந்தொகை ஒதுக்கப்பட்டது. எஞ்சிய பாக்கியைத் தவணை தவணையாக எடுத்துக்கொண்டிருக்கும்போதே, 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பு 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து இயந்திரமும் தானியமும் வாங்க நாம் நம்பியிருந்த பணத்தின் வலிமை ஒரே நாளில் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துபோயிற்று.

மற்றக் காலனிகளிலும் இதே முறைதான். சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்துக்கு, சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியிருப்பு அரசு நிலத்தை இலவசமாகக் கொடுத்தது, மலாய்க் கூட்டு மாநிலங்கள் 20 இலட்சம் பவுண்டும் ஹாங்காங் இரண்டரை இலட்சம் பவுண்டும் கொடுத்தன. அத்தனையும் கொடுத்த அந்தத் தளம் 1942 பிப்ரவரியில் எதிரியின் கைக்குப் போனபின், மலேயாவில் தோட்டத்துக் கூலிகளாக இருந்த நம் தமிழர்கள் ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். தளத்துக்குப் பங்கு கொடுத்தவர்களுக்கு அந்தத் தளம் அளித்த பாதுகாப்பு அவ்வளவே.

இந்தப் பழங்கணக்கை இன்று ஏன் கிளறவேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கலாம். சூலூர் இன்று நம் விமானப்படையின் தளம். அதன் ஓசை எங்கள் வீட்டுச் சன்னலை அதிரவைக்கும்போது எனக்குப் பெருமையே தவிர வருத்தம் இல்லை. நாட்டின் பாதுகாப்புக்கு நிலம் வேண்டுமென்றால் கொங்கு நாடு கொடுக்கும், கொடுத்தும் இருக்கிறது. ஆனால் பக்கத்திலேயே கோவை விமான நிலைய விரிவாக்கத்துக்காக 600 ஏக்கருக்கு மேல் நிலம் திரட்டப்பட்டிருக்கிறது. 2010-இல் அறிவிப்பு வந்ததிலிருந்து ஆண்டுக்கணக்கில் விற்கவும் முடியாமல், கட்டவும் முடியாமல், மகளின் திருமணத்துக்கு அடமானம் வைக்கவும் முடியாமல் அந்த நிலத்தோடு காத்திருந்தவர்களை நான் அறிவேன். நிலத்தை மாநிலம் வாங்கித் தருகிறது, நிலையம் பின்னாளில் தனியாருக்குப் போனால் அதில் மாநிலத்துக்கு உரிய பங்கு வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2022-இல் கேட்டது. பிறகு 2024-இல், பணி தாமதமாகக்கூடாது என்பதற்காக, கோவை நிலத்தை நிபந்தனையின்றி ஒப்படைக்க முடிவெடுத்தது. அந்த முடிவு சரியா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. நிலத்தின் விலையும் செலவில் ஒரு பங்கு என்று ஒரு மாநில அரசு வாய்விட்டுக் கேட்டதே, அதை 1940-களில் எங்கள் ஊருக்காகக் கேட்க ஒருவரும் இல்லை என்பதைத்தான் நினைத்துக்கொண்டேன். இன்று 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் சந்தை மதிப்புக்கு இணையான தொகையைக் கூடுதலாகத் தரச் சொல்கிறது. கிணறு, மரம், கட்டடம் ஒவ்வொன்றையும் தனித்தனியே மதிப்பிடச் சொல்கிறது. அது அந்தத் தகரப் பெட்டித் தாள்களைப் போன்ற ஆயிரக்கணக்கான தாள்களின் மேல் எழுந்த சட்டம்.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள். கட்டுரையின் அந்த வரியை, "ஆங்கிலேயர் ஆட்சியில், இந்தியரின் நிலத்திலும் உழைப்பிலும் கட்டப்பட்டு, 1948 உடன்பாட்டின் மூலம் இந்தியா விலை கொடுத்து முடித்த தளம்" என்று திருத்தி வெளியிடவேண்டும். இடம் அதிகம் பிடிக்குமென்றால் "கொடுத்துவிட்டுப் போன" என்பதை மட்டுமாவது நீக்கிவிடுங்கள்.

இரண்டாவது, தங்கள் நாளிதழின் வழியாக மாவட்ட நிர்வாகத்துக்கு. போர்க்காலத்தில் கோவை மாவட்டத்தில் எடுக்கப்பட்ட நிலங்களின் கோப்புகள், அதாவது சர்வே எண், உரிமையாளர் பெயர், எடுத்த தேதி, எந்த விதியின் கீழ் எடுத்தது, கொடுத்த தொகை ஆகியவை அடங்கிய ஆவணங்கள், பதிவறைகளில் எங்கிருந்தாலும் அவற்றைத் தேடி எடுத்து, படியெடுத்து, சென்னையில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்கவேண்டும். கரையானும் மழை நீரும் நமக்காகக் காத்திருப்பதில்லை. யாரும் இழப்பீடு கேட்கப்போவதில்லை, கேட்கும் காலமும் கடந்துவிட்டது. அந்தத் தளத்துக்கு முதல் பங்கைக் கட்டியவர்கள் யார் என்ற பட்டியல் ஒன்று இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் வீட்டுத் தாளின் ஒளிநகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். மேல் வலது மூலையில் நீல மையில் இருப்பது அப்புச்சியின் இடது கைப் பெருவிரல் ரேகை. அதன் கீழே பென்சிலில் "இரட்டைக் கவலைக் கிணறு 1" என்று எழுதியிருப்பது அலுவலகத்தார் எழுதியதன்று. அப்போது ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் தாயார், தன் தகப்பனார் சொல்லச் சொல்லப் பின்னர் எழுதிச் சேர்த்தது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கூட்டுறவுத் தணிக்கையாளர் ஒருவர்,
சூலூர் வட்டம், கோயம்புத்தூர் மாவட்டம்.